கீரைக்கூடை ஏன் வெளியே இருந்தது? தொடக்கநிலை 4 தமிழ் வகுப்பில் இரண்டு மீத்திறன் பிள்ளைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பும் பிள்ளைகளும்

தொடக்கநிலை 4 தமிழ் வகுப்பு. தாய்மொழிப் பாடவேளைக்காக மூன்று வகுப்புகளிலிருந்து ஓர் அறைக்கு வந்து சேரும் 24 பிள்ளைகள். பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். நாலைந்து பேர் முழுக்கத் தமிழ். மற்றவர்கள் பாட்டியிடம் தமிழ், அம்மாவிடம் இரண்டும் கலந்து, தம்பி தங்கையிடம் ஆங்கிலம். சிங்கப்பூரில் தமிழ் கற்பிக்கும் யாருக்கும் பழகிய கலவை இது.

இங்கே வரும் வகுப்பும் பிள்ளைகளும் ஒரு குறிப்பிட்ட பள்ளியின் பதிவு கிடையாது. தமிழ் வகுப்புகளில் அடிக்கடி எதிர்ப்படும் கூறுகளை ஒன்றுசேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. பணிகளையும் நேர அளவுகளையும் அப்படியே எடுத்து வகுப்பில் பயன்படுத்தலாம்.

இருவரைப் பற்றித்தான் இந்த ஆய்வு. முதலாமவள் தாத்தா பாட்டியோடு வளரும் மாணவி. மற்றவர்கள் பணித்தாளில் பெயரை எழுதி முடிக்கும்போது இவள் முதல் பக்கத்தை முடித்திருப்பாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் தாளைத் திருத்துவாள், இல்லாவிட்டால் மேசையில் படம் வரைவாள். எல்லா ஆசிரியரும் இவளைக் ‘கெட்டிக்காரி’ என்கிறார்கள். இரண்டாமவன் வீட்டில் ஆங்கிலம் பேசும் மாணவன். தமிழில் இரண்டு வரி எழுதுவதற்குள் அழிப்பான் தேய்ந்துவிடும். கணக்கிலும் அறிவியலிலும் முன்வரிசை. தமிழ் வகுப்பில் கேள்வி மட்டும் கேட்பான், அதுவும் பாடத்தைவிட்டு விலகியது போலத் தோன்றும் கேள்வி. தமிழாசிரியர் கண்ணுக்கு அவன் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளை.

பொது வகுப்பில் மீத்திறன் பிள்ளைகளுக்கு, அதாவது வயதுக்கு மீறிய திறன் உள்ளவர்களுக்கு, கற்பிப்பது இப்போது எல்லா ஆசிரியரின் வேலையாகிவிட்டது. 1984இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம், தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்து வயதுப் பிரிவில் ஏறக்குறைய ஒரு விழுக்காட்டினரைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட சில பள்ளிகளில் தனி வகுப்பாக வைத்தது. அந்த வடிவம் முடிவுக்கு வரும் என்று பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 ஆகஸ்ட் தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். 2024இல் தொடக்கநிலை 1இல் சேர்ந்தவர்கள் 2027இல் தொடக்கநிலை 4க்கு வரும்போது புதிய முறை அவர்களுக்கு நடப்புக்கு வருகிறது. ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே சவாலான கல்வியைத் தர வேண்டும். இன்னும் வேண்டியவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு அருகிலுள்ள பள்ளிகளில் கூடுதல் வகுப்புகள் நடக்கும்.

பழைய தேர்வு ஆங்கிலத்திலும் கணக்கிலும் பொதுத்திறனிலும்தான் நடந்தது. தமிழில் அபாரமான ஒரு பிள்ளையை அது கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. அந்தப் பொறுப்பு முன்பும் தமிழாசிரியரிடம்தான் இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேறுபாடு. ஆங்கிலத்திலும் கணக்கிலும் கவனம் பெற்ற பிள்ளை தமிழ் வகுப்பில் வாரம் பல மணி நேரம் தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருந்தால், தமிழ் என்றாலே சலிப்பு என்று முடிவுகட்டிவிடும். இந்த மொழியின் நாளைய எழுத்தாளரையும் மொழிபெயர்ப்பாளரையும் ஆசிரியரையும் இழக்கும் இடம் அதுதான்.

முன்னறி சோதனை: என்ன வைத்தோம், என்ன தெரிந்தது

எடுத்துக்கொண்ட அலகின் கரு ஈரச்சந்தை. மொத்தம் 16 பாடவேளை, ஒவ்வொன்றும் 30 நிமிடம். அலகு தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பாக 25 நிமிடச் சோதனை எல்லாருக்கும் வைக்கப்பட்டது. நான்கு பகுதிகள்: அலகின் 12 புதுச்சொற்கள், வேற்றுமை உருபு சேர்த்து முழு வாக்கியமாக எழுத 8 தொடர்கள், ஒரு சிறு பத்தியும் 3 கேள்விகளும், ஒரு படத்துக்கு ஐந்து வாக்கியம்.

இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மதிப்பெண்ணைக் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. பகுதிக்குப் பகுதி தனியாகப் பார்த்து, எந்தப் பகுதியில் 85 விழுக்காட்டுக்கு மேல் வருகிறதோ அந்தப் பகுதியின் கற்பித்தலிலிருந்து மட்டும் பிள்ளையை விடுவிக்க வேண்டும். அடுத்து, பொருத்துக, சரியான விடையைத் தெரிவுசெய்க போன்ற வினாக்கள் இதில் உதவாது. அலகு முடிவில் வரும் சோதனையை முன்கூட்டியே வைப்பது போல, எழுதவைக்கும் வினாக்கள் வேண்டும். அடையாளம் காணத் தெரிந்ததைப் பயன்படுத்தத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு விலக்கு அளித்தால், மூன்று வாரம் கழித்துக் கட்டுரையில் ஓட்டை தெரியும்.

மாணவியின் தாள்: சொற்கள் 12க்கு 11. பத்தி முழு மதிப்பெண். உருபு 8க்கு 6. ‘வீட்டை கட்டினான்’, ‘மரத்துக்கு தண்ணீர்’ என்று ஐ, கு இரண்டுக்கும் பின் வல்லினத்தை விட்டிருந்தாள். வாக்கியங்கள் உயிரோட்டமாக இருந்தன, ஆனால் ஐந்தும் ‘பிறகு’ என்றே தொடங்கின.

மாணவனின் தாள்: சொற்கள் 12க்கு 5. உருபு 8க்கு 3. பத்தியில் முதல் இரண்டு கேள்வியும் தவறு, மூன்றாவதற்கும் பூஜ்யம்.

இங்கே நிறுத்திவிட்டால் கதை முடிந்தது: அவளுக்குச் செறிவூட்டல், அவனுக்கு மீட்டுக் கற்பித்தல். மூன்றாவது கேள்வியை மறுபடி பார்க்காமல் விட்டிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

பத்தியில் ஒரு காய்கறிக்காரர் வருகிறார். வெயிலில் கீரைக்கட்டுகள் வாடிக் கிடக்கின்றன. மேகம் கறுக்கிறது. அவர் வெங்காயம், உருளைக்கிழங்கு, வெள்ளைப்பூண்டு இருக்கும் மூன்று கூடைகளை உள்ளே எடுத்து வைக்கிறார். கீரைக்கூடையை மட்டும் வெளியே விடுகிறார். ஏன் என்பது கேள்வி. காரணம் பத்தியில் எழுதப்படவில்லை.

மாணவி எழுதியது: ‘மழை வருவதைப் பார்த்ததும் காய்கறிக்காரர் பதற்றமடைந்ததால் அவசரத்தில் கீரைக்கூடையை எடுக்க மறந்துவிட்டார்.’ பிழையில்லாத வாக்கியம். மதிப்பீட்டுக் குறிப்பின்படி 2க்கு 2. மாணவன் எழுதியது: ‘கீரை தண்ணி வேணும்.’ 2க்கு 0.

பதற்றம், அவசரம், மறதி ஆகிய மூன்றுக்கும் பத்தியில் ஆதாரமே இல்லை. வாடிய கீரை, வரும் மழை, உலர்ந்தே இருக்க வேண்டிய மற்ற சரக்கு என்ற மூன்றையும் முடிச்சுப் போட்டவன் அந்த மூன்று சொல் எழுதியவன்தான். சரளமான தமிழ் அவளுடைய யூகத்தின் பலவீனத்தை மறைத்தது, தடுமாறும் தமிழ் அவன் யோசனையின் வலிமையை மறைத்தது. எளிய கேள்விகளில் சறுக்கிக் கடினமான ஒன்றில் மட்டும் சரியாக இருக்கும் தாள் வந்தால், அதை ஒதுக்கி வைத்து இன்னொரு முறை படிக்க வேண்டும். மொழி பின்தங்கி அறிவு முன்னோடும் பிள்ளைகள் இப்படித்தான் அகப்படுவார்கள்.

இதற்குப் பரிகாரம் கடினமில்லை. ஊகித்து எழுதும் ஒவ்வொரு விடைக்கும் கருத்துக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என இரண்டு மதிப்பெண்ணைப் பிரித்து வைத்தாலே போதும். அவளுக்கு 0+1, அவனுக்கு 1+0. இருவருக்கும் பாதி மதிப்பெண், ஆனால் இருவருக்கும் தேவைப்படுவது நேர் எதிரான பாதி.

மாணவனைப் பற்றி இன்னொன்று. வாய்மொழியில் தெளிவாகவும் எழுத்தில் மிகத் திணறலாகவும் இருக்கும் பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு இருக்கக்கூடும். மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருந்து ஒன்றையொன்று மறைப்பது அரிதான செய்தி இல்லை. ஆங்கிலத்திலும் அவன் எழுத்து அப்படியே இருக்கிறதா என்று ஆங்கில ஆசிரியரிடம் கேட்பதுதான் முதல் வேலை. அங்கும் அப்படியென்றால் பள்ளியின் சிறப்புத் தேவை அதிகாரியிடம் சொல்ல வேண்டும். இந்த நிகழ்வில் ஆங்கில எழுத்து நன்றாகவே இருந்தது, ஆகவே சிக்கல் தமிழோடு உள்ள பழக்கக் குறைவு மட்டுமே.

மாணவிக்கு: கழித்த பிறகு கொடுப்பது

தெரிந்ததைப் பாடத்திலிருந்து கழித்து, மிஞ்சும் நேரத்தில் ஆழமான வேலையைத் தருவது அமெரிக்காவின் ஜோசப் ரென்சுலியும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களிலிருந்து வளர்த்தெடுத்த முறை. சாலி ரீஸ் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கு வழக்கமான பாடத்தில் 40 முதல் 50 விழுக்காடுவரை கழித்தும் அவர்களுடைய அடைவு குறையவில்லை. அது முதல்மொழிச் சூழல். தமிழ் வகுப்பில் அவ்வளவு கழிப்பது தவறு, ஏனென்றால் பல பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும் இடமே அந்த அறைதான். கேட்டலையும் பேசுதலையும் கழிக்கவே கூடாது.

மாணவிக்குக் கழித்தவை: சொல் கற்பித்தல் 3 பாடவேளை, உரக்க வாசிப்புப் பயிற்சி 1, கருத்தறிதல் பணித்தாள் 2, உருபுப் பயிற்சியில் 1. ஆக 16இல் 7. உருபில் அவள் 85 விழுக்காட்டை எட்டவில்லை, ஆனால் பிழை இரண்டும் வல்லினத்தில் மட்டும் என்பதால் அங்கே ஒரு பாடவேளை மட்டும் கழிந்தது. மற்ற இரண்டு பாடவேளையில் வல்லினம் மிகும் இடம் வருவதால் அவள் வகுப்போடு உட்கார வேண்டும். இதை அவளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று அந்த இரண்டையும் தூங்கிக் கழிப்பாள்.

ஏழு பாடவேளைக்கு ஏழு பணித்தாள் கொடுத்தால் முயற்சி அங்கேயே தோற்றுவிடும். சீக்கிரம் முடித்ததற்குக் கூலி இன்னொரு தாள் என்று ஒரு பிள்ளை கண்டுகொண்டால், அடுத்த வாரமே மெதுவாக எழுதக் கற்றுக்கொள்ளும். அதற்கு அறிவு நிறைய இருக்கிறது. மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் குட்டி ஆசிரியராக்குவதும் இதே வகைத் தவறு. எப்போதாவது செய்யலாம், அதையே வாடிக்கையாக்கினால் அவள் கற்பது நின்றுபோகிறது.

ஏழு பாடவேளைக்கும் சேர்த்து ஒரே பணி தரப்பட்டது. தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. 1935இல் தொடங்கிய நாளிதழ் என்பதால் தாத்தா பாட்டி காலத்துச் சிங்கப்பூர் அதில் கிடைக்கிறது. அதிலிருந்து கடை விளம்பரங்கள் ஆறினை ஆசிரியர் முன்கூட்டியே பொறுக்கி அச்சிட்டு வைக்க வேண்டும். பிள்ளையையே தேடவிட்டால் மதுவும் லேகியமும் வந்து நிற்கும், முதல் பாடவேளையும் வீணாகும். ஒன்றைத் தெரிவுசெய்து, இன்றைய வாசகருக்கு ஏற்ப மாற்றி எழுதி, என்ன மாற்றினாள், எதை மாற்றவில்லை என்று வகுப்புக்கு மூன்று நிமிடம் பேசுவதுதான் பணி.

இந்தப் பணியின் கடினம் எழுதுவதில் இல்லை. ‘இந்தக் கடைக்கு யார் வந்திருப்பார்கள்?’ என்ற கேள்விக்கு நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்த தாளில் விடை தர வேண்டும். இடப்பக்கம் ‘நான் நினைப்பது’, வலப்பக்கம் ‘எந்தச் சொல்லை வைத்து’. வலப்பக்கம் காலியாக இருந்தால் இடப்பக்கத்தை அடித்துவிட வேண்டும். ‘பணக்காரர்கள் வந்திருப்பார்கள்’ என்று முதலில் எழுதினாள். வலப்பக்கத்தில் போட எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ‘தவணை’ என்ற சொல் கண்ணில் பட்டது. தாத்தாவிடம் கேட்டு வந்து, ‘மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாதவர்கள்’ என்று திருத்தினாள். கீரைக்கூடையில் அவளுக்கு இல்லாமல்போன திறன் இதுதான், அவளுக்கு வேறெந்தப் பயிற்சியையும்விட இது தேவை. அந்தக் கால ணா, றா, லை, னை எழுத்து வடிவங்கள் அவளுக்குப் புதிர் போல இருந்தன. 1978இல் தமிழகத்தில் அறிவிக்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் அவை. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, ஒரு மாற்று அட்டவணை கொடுத்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறார்கள்.

நான்காவது பாடவேளையில் வேலை நின்றது. முதல் வரைவைக் கிழித்துப் போட்டாள், இரண்டாவதையும் கிழித்தாள், பணித்தாளே கொடுங்கள் என்று கேட்டாள். எப்போதும் முழு மதிப்பெண் வாங்கிப் பழகிய பிள்ளைக்கு, சரியான விடை இது என்று யாரும் சொல்ல முடியாத வேலை அச்சம் தரும். இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ எடுத்துக்கொள்வது பெரும் அநியாயம். மூன்று ஏற்பாடு கைகொடுக்கும். முதல் வரைவுக்கு மதிப்பெண்ணும் திருத்தமும் கிடையாது, ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் எழுதுவார். கிழிக்கக் கூடாது, கோடு போட்டு அடிக்கலாம், எல்லா வரைவும் கோப்பில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் மிக முக்கியம்: மாற்றுப் பணியின் மதிப்பெண் பாட அடைவைக் குறைக்காது, கழித்த பகுதிக்கு முன்னறி சோதனையில் அவள் வாங்கிய மதிப்பெண்ணே நிற்கும். கடினமானதைத் தொட்டால் தேர்ச்சி அறிக்கை பாதிக்கும் என்றிருந்தால் எந்தப் பிள்ளையும் எளியதைத்தான் கேட்கும், பெற்றோரும் அதையே சொல்வார்கள்.

மாணவனுக்கு: ஒரே பணி, மூன்று ஆழம்

அவனைத் தனியாகப் பிரிக்கவில்லை. உருபுப் பாடத்தையே முழு வகுப்புக்கும் அட்டைப் பணியாக மாற்றியதில் அவனுக்கான கதவு திறந்தது.

20 சொல் அட்டைகள்: மரம், குளம், பணம், நிலம், வீடு, காடு, ஆறு, சோறு, கிணறு, கயிறு, காசு, பந்து, பாட்டு, காற்று, நண்டு, பசு, கொசு, தெரு, இலை, எலி. கலைத்துப் போட்டு, நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு. ஒவ்வொன்றோடும் ‘ஐ’ சேர்த்துச் சொல்லிப் பார்த்து, ஒரே மாதிரி மாறுபவற்றை ஒன்றாக அடுக்க வேண்டும். மரத்தை, குளத்தை ஓர் அடுக்கு. வீட்டை, ஆற்றை ஓர் அடுக்கு. காசை, பந்தை ஓர் அடுக்கு. பசுவை, தெருவை ஓர் அடுக்கு. இலையை, எலியை ஓர் அடுக்கு.

முதல் ஆழத்தில் விடைச்சொற்கள் பின்புறம் எழுதியிருக்கும், பிள்ளை அடுக்கி வாசித்துப் பழகினால் போதும். இரண்டாம் ஆழத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆழத்தில், பார்த்தே இராத சொல்லுக்கு விடையை முன்கூட்டிச் சொல்ல வேண்டும்: தகடு, வடு, வண்டு, தொமாறு. கடைசிச் சொல் தமிழில் இல்லை, வேண்டுமென்றே புனைந்தது. நினைவில் இருந்து எடுக்க வழியில்லாததால் விதி புரிந்ததா என்று அதில்தான் தெரியும்.

யார் எந்த ஆழத்துக்குப் போவது என்று ஆசிரியர் பெயர் சொல்லிப் பிரிக்கக் கூடாது. மூன்றும் மேசையில் இருக்கட்டும். ஒன்றை முடித்தவர் அடுத்ததை எடுக்கலாம். எதிர்பாராத இரண்டு மூன்று பேர் மூன்றாவதுவரை வருவார்கள், அவர்கள் பெயரைக் குறித்துக்கொள்வது ஆசிரியருக்கு மிகப் பயன்படும்.

அவனுக்குச் சொற்கள் பாதி தெரியாது. ‘ஐ’ சேர்த்துச் சொல்லும்போது காது உதவாது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை ‘வீட்டை’ என்று யோசிக்காமல் சொல்லிவிடும், ஏன் என்று கேட்டால் திகைக்கும். இவனுக்குக் காது இல்லாததால் கண்ணால் தேடினான். பின்புறம் பார்த்து விடைகளை வரிசையாக வைத்து, ‘டு, று வந்தா டபுள்’ என்று எழுதினான். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் நண்டு அட்டையை அவன் முன்னால் நகர்த்தினார். டு இருக்கிறது, ஆனால் நண்டை. கொஞ்ச நேரத்தில், ‘முன்னாடி புள்ளி வச்ச எழுத்து இருந்தா டபுள் இல்ல’ என்றான். அடுத்து வடு. புள்ளி வைத்த எழுத்து இல்லை, டு இருக்கிறது, ஆனாலும் வடுவை. பசு, கொசு அடுக்கைப் பார்த்துவிட்டு, ‘ரெண்டே எழுத்து, முதல் எழுத்து குறில்’ என்றான். தொமாறு என்ற சொல்லைத் தயங்காமல் தொமாற்றை ஆக்கினான்.

நெட்டெழுத்தையும் உயிரையும் தொடர்ந்து வரும் டு, று இரட்டிப்பதை நன்னூல் சூத்திரமாகச் சொல்கிறது. அதை ஒன்பது பத்து வயதுப் பிள்ளை 20 அட்டையை வைத்துத் தானே கண்டடைய முடியும், அதற்குத் தமிழ்ச் சரளம் முன்தேவை இல்லை. தமிழில் பின்தங்கியவர்களுக்கு எளிதான பணி என்று நாம் பழக்கமாகக் கொடுக்கும் கோடிட்ட இடம் நிரப்புதலில் அவன் இதைக் காட்ட இடமே இருந்திருக்காது.

ஒரு கூடுதல் அட்டையை ஆசிரியர் கையில் வைத்திருப்பது நல்லது: ‘24ஐ ஆறால் வகுத்தால் நான்கு.’ இங்கே கணக்கு ஆங்கிலத்தில் நடப்பதால் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் புதிது. நதி என்றால் ஆற்றால், எண் என்றால் ஆறால். ‘எண்ணுக்கு டபுள் கிடையாது’ என்று உடனே விதி செய்தான். அதற்கு எதிராக எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த தொடர் ஒன்று இருக்கிறது: நூற்றுக்கு நூறு. அவன் விதி உடைந்தது. இதற்கு ஆசிரியர் அந்த நிமிடத்தில் விடை தரத் தேவையில்லை. தெரியாத கேள்வியை அறையில் ஒரு தாளில் எழுதி ஒட்டி, யார் எந்தச் சான்று கொண்டுவந்தாலும் அடியில் சேர்க்கலாம். அடுத்த வாரம் அவன் பாட்டியிடமிருந்து ‘ரோட்டுல’ என்ற சொல்லைக் கொண்டுவந்து, ஆங்கிலத்திலிருந்து வந்த ரோடுகூட இரட்டிக்கிறது, போர்டு இரட்டிக்கவில்லை, ஏனென்றால் அதில் புள்ளி எழுத்து இருக்கிறது என்று சேர்த்தான். பாட்டியிடம் தமிழில் கேள்வி கேட்க அவனுக்கு இப்போது ஒரு காரணம் கிடைத்திருந்தது.

யோசிக்கும்போது ஆங்கிலத்தை அனுமதிப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். ஐந்து நிமிடம் அனுமதிக்கலாம் என்பது எங்கள் முடிவு: குறிப்பு எந்த மொழியிலும் இருக்கலாம், குழுவுக்குச் சொல்வது தமிழில் இருக்க வேண்டும், பேச்சுத்தமிழ் போதும். சொல்லத் தேவைப்படும் பத்துச் சொற்களை (குறில், நெடில், மெய், முன்னால், இரட்டிக்கும், மாறும், ஆனால், ஏனென்றால், எப்போதும், சில நேரம்) ஒரு பட்டியலாக மேசையில் வைக்க வேண்டும். முதலில் ஒலிப்பதிவு, பிறகு அதைக் கேட்டு எழுதுதல். பள்ளிகள் பயன்படுத்தும் மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளத்தில் அந்த ஒலிப்பதிவைச் சேர்த்துவிட்டால் ஆசிரியர் பிறகு கேட்கலாம். எழுத்துக்கு நேரே தள்ளினால் அவன் விதி மறந்துபோகும், எழுத்துப்பிழை மட்டும் மிஞ்சும். நான்கு வாக்கியம் எழுதினான். மூன்றில் பிழை இருந்தது, நான்கிலும் கருத்து சரி.

ஆனால் அவனுக்குச் சொற்கள் 12க்கு 5தான். அந்தக் கற்பித்தலிலிருந்து அவனுக்கு விலக்கு கிடையாது. மீத்திறன் என்று கண்டுகொண்ட உற்சாகத்தில் அடிப்படைச் சொல் பயிற்சியை விட்டுவிட்டால், அவனுடைய யோசனை வளர வளர அதைச் சொல்லும் மொழி பின்தங்கிக்கொண்டே போகும்.

ஆசிரியரின் நேரம்

நேரம் எங்கே கிடைக்கும் என்பதுதான் ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி, அது நியாயமானது. சோதனை தயாரிக்க ஏறக்குறைய முக்கால் மணி நேரம், திருத்த ஒரு மணி நேரம், அட்டை வெட்ட அரை மணி நேரம். அட்டைகளை அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். வகுப்பு நேரத்தில் வாரம் இருமுறை, ஐந்து நிமிடம் அவளோடு, ஐந்து நிமிடம் அவனோடு. மற்றவர்கள் வாசிக்கும் நேரத்தில் இதைச் செய்யலாம். இந்த ஐந்து நிமிடத்தை விடவே கூடாது. மூலையில் உட்காரவைத்து வேலை கொடுத்து ஆசிரியர் எட்டிப் பார்க்காவிட்டால், பிள்ளைக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். எல்லா அலகுக்கும் இப்படிச் செய்வது முடியாத காரியம். பருவத்துக்கு ஓர் அலகில் தொடங்கி, பழகிய பிறகு இரண்டாக்கலாம்.

பெற்றோர் பக்கம் இரண்டு கோரிக்கை வந்தது. மாணவியின் வீட்டில், தொடக்கநிலை 5 பாடநூலை இப்போதே கொடுக்கலாமே என்றார்கள். அப்படிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு முழுதும் அவளுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. வேகத்தைக் கூட்டுவதென்றால் அதை மேல்வகுப்பு ஆசிரியரோடு பேசி ஆண்டுக்கணக்கில் திட்டமிட வேண்டும், நடுவில் ஒரு நூலைத் தூக்கிக் கொடுத்துச் செய்ய முடியாது. மாணவனின் வீட்டில், தமிழ்த் துணைப்பாட வகுப்புக்கு அனுப்பவா என்று கேட்டார்கள். மாதிரித் தேர்வுத்தாள் செய்யும் வகுப்பென்றால் அவனுக்கு இப்போது அது உதவாது. பாட்டியிடம் நாளுக்குப் பதினைந்து நிமிடம் பேசுவதும், சாப்பாட்டு நேரத்தில் ஒலி 96.8 தமிழ் வானொலி கேட்பதும் நூலகத்திலிருந்து வாரம் ஒரு தமிழ்ப் புத்தகம் எடுப்பதும் அவனுடைய சொல் பற்றாக்குறையை நேரடியாகத் தொடும்.

அடுத்த வகுப்புக்கு

தொடக்கநிலை 4 முடிவில் அடுத்த ஆண்டுக்கான பாடத் தெரிவைப் பள்ளி பரிந்துரைக்கிறது. மாணவிக்கு உயர்தமிழ், அதாவது கூடுதல் கடினமான தமிழ்ப் பாடம், எளிதாகக் கிடைக்கும். மாணவனின் மதிப்பெண் அதற்குப் போதாமல் போகலாம். இந்த முறையால் அது தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தேர்வுத்தாளில் மொழிக்கும் கருத்துக்கும் பெரும்பாலும் ஒரே மதிப்பெண்தான் விழுகிறது, ஓர் அலகில் ஒரு பிள்ளையின் எழுத்து மாறிவிடாது.

ஆகவே கைமாற்றுக் குறிப்பு தேவைப்படுகிறது. அரைப் பக்கம் போதும். ‘கெட்டிக்காரி’, ‘தமிழில் பலவீனம்’ போன்ற சொற்களுக்கு அதில் இடம் வேண்டாம். மாணவிக்கு: முன்னறி சோதனையின் நான்கு பகுதி மதிப்பெண், ஐ, கு உருபுக்குப் பின் வல்லினம் இன்னும் தவறுகிறது, ஊகத்துக்குச் சான்று கேட்க வேண்டும், முதல் வரைவில் சிவப்பு மை வேண்டாம். மாணவனுக்கு: கீரைக்கூடை விடையின் நகல், தொமாறு அட்டையின் ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது என்ற தகவல், எழுதுவதற்கு முன் பேசவிட வேண்டும், இன்னும் கற்க வேண்டிய ஏழு சொற்களின் பட்டியல். ஆறால், நூற்றுக்கு என்ற இரண்டும் எழுதிய தாளையும் கோப்பில் சேர்த்து அனுப்ப வேண்டும், அதற்கு அவன் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறான்.